ஓடு உடைந்தால் க்ளெய்ம் போடலாமா?

எங்கள் தேவதானப்பட்டிக்கு வெளியூர்க்காரர்கள் இரண்டு காரணங்களுக்காக வருவார்கள். ஒன்று, தேனிப் பக்கத்திலிருந்து கொடைக்கானல் போகிற வழியில் டீ குடிக்க. இரண்டு, மூங்கிலணை காமாட்சியம்மனைக் கும்பிட. அந்தக் கோயிலில் மூடிய கதவுக்குத்தான் பூஜை. உள்ளே என்ன இருக்கிறது, திறந்து காட்டுங்கள் என்று யாரும் கேட்பதில்லை. கதவே போதும், கும்பிட்டுவிட்டு நிம்மதியாகப் போகிறார்கள்.

அம்மன் விஷயத்தில் அது சரி. நம் ஆட்கள் இன்ஷூரன்ஸ் பாலிசியையும் இதே பக்தியோடு வைத்திருப்பதுதான் சிக்கல். பாங்கில் லோன் போட்டபோது மேனேஜர் எடுக்கச் சொன்னார், எடுத்தோம். பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில், அந்துருண்டை வாசனையோடு பத்திரமாக இருக்கிறது. உறையைப் பிரித்ததில்லை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், "எல்லாத்துக்கும் உண்டுங்க" என்பார்கள். எல்லாத்துக்கும் உண்டு என்று சொல்கிற எதையும் நம்பாதீர்கள், கல்யாணப் பந்தியின் கடைசி வரிசை உட்பட.

இந்த வாரம் விஷயம், வாடகைக்கு விட்ட வீட்டுக்கு ஏதாவது ஆனால் க்ளெய்ம் போடலாமா, வேண்டாமா என்பது. குடியிருக்கிற சொந்த வீடு என்றால் கேள்வி சுலபம். ஒழுகினால் நம் தலையில் ஒழுகும், உடனே முடிவெடுப்போம். வாடகை வீட்டில் முடிவெடுப்பவர் ஒருவர், நனைபவர் இன்னொருவர்.

எங்களுக்கு ஊரில் மூன்று குடித்தனம் உள்ள ஒரு வீடு. ஒரு குடித்தனத்துக்கு 3,500 ரூபாய் வாடகை. முன்பக்கம் தளம், பின்பக்கம் சமையலறைகளுக்கு ஓடு. போன ஐப்பசியில் ஒரு ராத்திரி அடித்த காற்றில் பக்கத்து வீட்டுத் தென்னை, மூன்றாவது குடித்தனத்தின் சமையலறை மேல் படுத்துவிட்டது. ஆள் யாருக்கும் அடி இல்லை. ஓடு, ரீப்பர், ஒரு பக்கச் சுவர், மேலே இருந்த பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி எல்லாம் போச்சு. கொத்தனார் வந்து பார்த்து, காதில் இருந்த பென்சிலை எடுத்து, சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுத்தது 72,000 ரூபாய்.

காலையில் குடும்ப கவுன்சில் கூடியது. தலைமை சித்தப்பா.

"க்ளெய்ம் கிளெய்ம்னு போயிராதப்பா. ஒரு தடவ வாங்கிட்டோம்னு வையி, அடுத்த வருசம் பிரீமியத்த ஏத்திருவான். நம்மளே பாத்துக்கிருவோம்."

மச்சான் நேர் எதிர் கட்சி. "ஆறு வருசமா கட்டுறோம்ல மாமா. சும்மாவா? போன மாசம் முன் ரூம்ல ஓதம் ஏறுச்சுல்ல, அதையும் சேத்து எழுதிப் போடுவோம். கட்டுன காசு திரும்ப வரட்டும்."

ஊரில் எந்த வீட்டில் கூரை விழுந்தாலும் இந்த இரண்டு கட்சிகள்தான். ஒரு கட்சிக்கு பாலிசி என்பது தொடக்கூடாத சாமி. இன்னொரு கட்சிக்கு அது சீட்டுக் கம்பெனி, கட்டியதை எடுத்தே ஆகவேண்டும். இரண்டுமே தப்பு. ஏன் என்று பார்ப்போம்.

சித்தப்பாவின் பயம் எங்கிருந்து வந்தது தெரியுமா? காரிலிருந்து. கார் பாலிசியில் 'நோ க்ளெய்ம் போனஸ்' என்று ஒரு ஏணி உண்டு. க்ளெய்ம் இல்லாமல் ஒரு வருஷம் ஓட்டினால் 20 சதவீதம் தள்ளுபடி. அப்புறம் 25, 35, 45, ஐந்தாவது வருஷம் 50. நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்காகக் கட்டும் பகுதியில்தான் இந்தத் தள்ளுபடி. ஒரே ஒரு க்ளெய்ம் போட்டால் ஏணியிலிருந்து நேராகத் தரைக்கு. பரமபதத்தில் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கிற பாம்பு மாதிரி. அதனால்தான் பம்பரில் கோடு விழுந்தால் விவரம் தெரிந்தவர்கள் கைக்காசைப் போட்டு பெயின்ட் அடித்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறார்கள். அது நியாயமான கணக்கு.

அந்தக் கணக்கை அப்படியே வீட்டுக்குத் தூக்கி வரக்கூடாது. வீட்டு பாலிசியில் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக அப்படி ஓர் ஏணி கிடையாது. ஆனால் சித்தப்பா சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. முன்பெல்லாம் தீ இன்ஷூரன்ஸுக்கு டாரிஃப் என்று ஒரே கட்டணம். 2007 ஜனவரி 1 முதல் அது எடுபட்டு, விலை வைப்பது கம்பெனிகளின் கையில் போய்விட்டது. புது பாலிசிக்கு மனுப் போடும்போது, இதற்கு முன் க்ளெய்ம் உண்டா என்று ஃபாரத்தில் கேட்பார்கள். உண்மையைத்தான் எழுதவேண்டும். மூன்று வருஷத்தில் நாலு சில்லறை க்ளெய்ம் போட்டவரை எந்தக் கம்பெனியும் மாப்பிள்ளை மாதிரி வரவேற்காது.

அமெரிக்காவில் வீட்டுக்காரர்கள் இதில் இன்னும் நடுங்குகிறார்கள். அங்கே 'க்ளூ' என்று ஒரு தகவல் கிடங்கு இருக்கிறது. ஒரு வீட்டின் மேல் போட்ட க்ளெய்ம் எல்லாம் ஏழு வருஷம் வரை அதில் பதிந்திருக்கும். வேறு கம்பெனிக்கு மாறினாலும் ஜாதகம் கூடவே வரும். அதனால் குழாய் ஒழுகலுக்கெல்லாம் க்ளெய்ம் போடாமல் பல்லைக் கடித்துக்கொள்கிறவர்கள் அங்கே நிறைய.

சரி, நம் ஊருக்கு வருவோம். இன்ஷூரன்ஸ் ஒழுங்காற்று ஆணையம், 2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்கு 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான பாலிசியைக் கொண்டுவந்தது. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் அடிப்படை ஷரத்துகள் ஒன்றே. தீ, இடி, புயல், வெள்ளம், நிலச்சரிவு, பூகம்பம், கலவரம் எல்லாம் பட்டியலில் உண்டு. வெளியிலிருந்து ஏதாவது வந்து மோதினாலும் உண்டு. உதாரணமாக 'விழும் மரம்' என்றே அதில் அச்சடித்திருக்கிறார்கள். எங்கள் தென்னைக்கு அதைவிடத் தெளிவான அழைப்பிதழ் இருக்க முடியாது. தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்தால், வழிந்தால் அதுவும் உண்டு.

இல்லாதது எது? நாள்பட்ட தேய்மானம். ஓதம், செல்லு அரிப்பு, துருப்பிடித்த கம்பி, மெல்ல மெல்லக் கசிந்து பெயின்ட் உரிவது. இவையெல்லாம் விபத்து இல்லை, வயசு. வயசுக்கு யாரும் நஷ்டஈடு தருவதில்லை. மச்சானின் ஓதம் இதில் அடிபட்டுப் போகிறது. தனியாக நடக்கிற திருட்டும் இதில் கிடையாது. பட்டியலில் உள்ள ஆபத்து நடந்து, அதன் காரணமாக ஏழு நாளைக்குள் திருட்டுப் போனால்தான் உண்டு.

ஆக, பட்டியலில் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. இருந்தால், போடலாமா என்பது இரண்டாவது. இதற்கு நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். கற்றுக்கொண்டது எங்கள் மஞ்சளாறு அணையிடம்.

மஞ்சளாறு அணையின் உயரம் 57 அடி. மழைக்காலத்தில் தண்ணீர் 51 அடி வந்தால் முதல் எச்சரிக்கை. 53 அடியில் இரண்டாவது. 55 அடி வந்தால் மூன்றாவது எச்சரிக்கை கொடுத்து, வருகிற தண்ணீரை ஆற்றில் திறந்துவிடுவார்கள். முதல் எச்சரிக்கைக்கே யாரும் மூட்டை கட்டுவதில்லை. மூன்றாவதுக்கும் ஆற்றோரம் துணி துவைத்துக்கொண்டிருப்பதில்லை.

வாடகை வீட்டுக்கு இதை இப்படி மாற்றிக்கொள்ளுங்கள். செலவு இரண்டு மாச வாடகைக்குள் அடங்குகிறதா? அது 51 அடி. எங்கள் வீட்டுக்கு மொத்த வாடகை 10,500. அப்படியானால் 21,000 வரை. அதைக் கைக்காசில் செய்துவிடுங்கள். வீடு வைத்திருப்பதன் சம்பளம் அது. வாடகையில் மாசம் ஒரு பங்கை இதற்கென்று தனியாகப் போட்டு வைத்தால் வலிக்காது.

இரண்டு மாசத்துக்கு மேல், ஆறு மாச வாடகைக்குள் என்றால் 53 அடி. அதாவது 63,000 வரை. இங்கேதான் பேனாவை எடுக்கவேண்டும். பாலிசியில் 'எக்ஸஸ்' என்று ஏதாவது வரி இருக்கிறதா பாருங்கள். நஷ்டத்தில் முதல் பத்தாயிரம் உங்களுடையது என்று எழுதியிருந்தால், 24,000 ரூபாய் நஷ்டத்துக்குக் கைக்கு வருவது 14,000. அதில் பெரியகுளத்துக்கு நாலு நடை பஸ் செலவு, ஆபீஸில் இரண்டு நாள் லீவு, அந்த லீவுக்கு மானேஜரிடம் வழிந்த வழிசல் எல்லாவற்றையும் கழியுங்கள். மிச்சம் மரியாதையாக இருந்தால் போடுங்கள்.

ஆறு மாச வாடகைக்கு மேல் என்றால் 55 அடி. யோசிக்காதீர்கள், போடுங்கள். பிரீமியம் கட்டியதே இந்த நாளுக்காகத்தான். சின்ன அடியைத் தாங்கிக்கொள்ள நம் பாக்கெட், முதுகை முறிக்கிற அடிக்கு பாலிசி. எங்கள் தென்னையின் 72,000, 55 அடியைத் தாண்டிவிட்டது. சித்தப்பா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சம்மதித்தார்.

(ரெண்டு மாசம், ஆறு மாசம் என்பது சட்டம் இல்லை. உங்கள் வருமானம், கடன், வீட்டில் எத்தனை வாய் என்பதைப் பொறுத்து அடிக்கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் ஓடு விழுவதற்கு முன்பே முடிவு பண்ணி வையுங்கள். விழுந்த பிறகு குடும்ப கவுன்சிலில் கணக்கு வராது, சத்தம்தான் வரும்.)

இங்கே எல்லோரும் குழப்பிக்கொள்கிற ஒன்றைச் சொல்லவேண்டும். தகவல் சொல்வது வேறு, பணம் கேட்பது வேறு. பெரிய சேதம் என்று கண்ணுக்குத் தெரிந்தால், கேட்கலாமா வேண்டாமா என்று ஒரு மாசம் யோசித்துவிட்டு அப்புறம் போன் பண்ணாதீர்கள். அன்றைக்கே தகவல் கொடுத்து நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். எஸ்டிமேட் வந்து, கட்டுப்படியாகாது என்று தெரிந்தால், வேண்டாம் என்று விட்டுவிடலாம். முதலில் சொல்லாமல் பிற்பாடு வேண்டும் என்றால்தான் தகராறு.

தாமதமானால் எல்லாம் போச்சா? அப்படியும் இல்லை. தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக நியாயமான க்ளெய்மை இயந்திரம் மாதிரி நிராகரிக்கக்கூடாது என்று ஆணையம் 2011 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. வண்டித் திருட்டு வழக்கு ஒன்றில் 2017-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதையே சொன்னது. பேப்பர் குறைகிறது என்பதற்காக க்ளெய்மைத் தள்ளக்கூடாது என்று 2024-ல் ஆணையம் இன்னொரு படி போனது. இதெல்லாம் நமக்குப் பின்வாசல். முன்வாசல் திறந்திருக்கும்போது பின்வாசலைத் தேடிப் போவானேன்?

இனி, நனைகிறவர் கதை.

நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து பிரீமியம், ஏணி, பாம்பு என்று பேசிக்கொண்டிருந்தபோது, மூன்றாவது குடித்தனத்து அக்கா சமையலறையில் இருந்த குண்டான், அண்டா எல்லாவற்றையும் ஒழுகும் இடத்தில் வரிசையாக வைத்திருந்தார். ஸ்டவ் நடுக்கூடத்துக்கு வந்திருந்தது. இரண்டு பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. "நீங்க பேசி முடிங்க தம்பி. ஆனா ராத்திரிக்கும் மழ வரும்னு ரேடியோவுல சொல்றாங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கவுன்சில் அத்துடன் கலைந்தது.

"சர்வேயர் வந்து பாக்குறதுக்கு முன்னாடி ஒண்ணையும் தொடக்கூடாதுல்ல?" என்றார் மச்சான். பாதி பேர் இப்படித்தான் நினைத்து, குடித்தனக்காரரை வாரக்கணக்கில் நனைய விடுகிறார்கள். சேதம் மேலும் கூடாமல் பார்த்துக்கொள்வது பாலிசிக்காரரின் கடமை. அது ஷரத்திலேயே இருக்கிறது. முதலில் நாலா பக்கமும் போட்டோ எடுங்கள். மரம் கிடக்கிற கோலம், உடைந்த ஓடு, தொட்டி, சுவர். அப்புறம் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். தார்ப்பாய் வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். உடைந்த சாமானைச் சர்வேயர் பார்க்கும்வரை ஓரமாகக் குவித்து வையுங்கள். எங்கள் வீட்டில் மத்தியானத்துக்குள் தார்ப்பாய் ஏறிவிட்டது. நிரந்தர வேலைதான் சர்வேயருக்குக் காத்திருக்கவேண்டும், குடியிருப்பவர் காத்திருக்க வேண்டியதில்லை.

அக்காவின் மிக்ஸியும் அரிசி மூட்டையும் நாசமாகிவிட்டன. அதற்கு எங்கள் பாலிசியில் பணம் வருமா? வராது. வீட்டுக்காரர் பாலிசி கட்டடத்துக்கும் வீட்டுக்காரரின் பொருளுக்கும்தான். குடித்தனக்காரர் தன் பொருளுக்கு மட்டும் தனியாக இதே பாலிசியை எடுக்கலாம் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? (அரிசிக்கும் மிக்ஸிக்கும் சித்தப்பா அந்த மாச வாடகையைக் கழித்துக்கொண்டார். அது எந்த ஷரத்திலும் இல்லை. சில விஷயங்கள் ஷரத்தில் இருக்காது.)

வீட்டுக்காரர்களுக்கு இன்னொன்று. சேதத்தால் வீடு குடியிருக்க லாயக்கில்லாமல் போய், வாடகை நின்றுபோனால், சரிசெய்கிற காலத்துக்கு அந்த வாடகை இழப்பையும் பாரத் கிருஹ ரக்ஷாவில் கேட்கலாம். இது தெரியாமல் வெறும் ஓட்டுக்கும் செங்கலுக்கும் மட்டும் கணக்குக் கொடுப்பவர்கள் நிறையப் பேர். அப்புறம், வீடு வாடகைக்கு விடப்பட்டது என்பதை பாலிசி எடுக்கும்போதே சொல்லியிருக்கவேண்டும். 'சொந்த உபயோகம்' என்று எழுதிவிட்டு, க்ளெய்ம் அன்று மூன்று குடித்தனம் எட்டிப் பார்த்தால் நன்றாக இருக்காது.

பழைய பாலிசி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 20 லட்சம் பெறுமான வீட்டை, பிரீமியத்தை மிச்சம் பிடிக்க 10 லட்சத்துக்குப் போட்டிருந்தால், பழைய தீ பாலிசி முறையில் 2 லட்சம் நஷ்டத்துக்கு 1 லட்சம்தான் கிடைக்கும். பாதிக்குக் காப்பீடு, பாதிக்குக் காசு. பாரத் கிருஹ ரக்ஷாவில் இந்த வெட்டு கிடையாது. அதேபோல் பழைய பாலிசியில் வீடு தொடர்ந்து 30 நாளுக்கு மேல் பூட்டிக் கிடந்தால், கம்பெனியிடம் சொல்லி அனுமதி வாங்காதவரை காப்பு நின்றுபோகும். 'டு லெட்' போர்டு தொங்குகிற மாசங்களில் இதை நினைவு வையுங்கள்.

சர்வேயர் நாலாம் நாள் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் காபி வந்தது. சித்தப்பா அவரைத் தோளில் கை போட்டு முன் ரூமுக்கு அழைத்துப் போய், சுவரில் இருந்த பழைய வெடிப்பைக் காட்டினார்.

"மரம் விழுந்த அதிர்ச்சியில இங்கிட்டும் விட்டுருச்சு சார். இதையும் சேத்துக்கங்க."

சர்வேயர் டார்ச் அடித்துப் பார்த்தார். "அண்ணே, இந்த வெடிப்புக்குள்ள எறும்பு புத்து வெச்சு, பேரன் பேத்தி எடுத்து ரொம்ப நாளாச்சு. மரம் விழுந்தது திங்கக்கெழமதானே?"

எல்லோரும் சிரித்ததில் விஷயம் முடிந்தது. ஆனால் எழுத்தில் கொடுத்திருந்தால் முடிந்திருக்காது. பொய்யாக ஒன்றைச் சேர்த்தால் அந்த ஒன்று மட்டும் அல்ல, மொத்த க்ளெய்மும் போகலாம். 3,000 ரூபாய் வெடிப்புக்காக 72,000-த்தைப் பணயம் வைப்பதா?

மரத்துக்குச் சொந்தக்காரர் எங்களுக்கு மாமா முறை. ராத்திரி ரகசியமாக வந்தார். "மாப்ள, கம்பெனிக்காரன் எம்மேல கேஸ் கீஸ் போட்ருவானா?" நியாயமான பயம். நமக்குப் பணம் கொடுத்த பிறகு, சேதத்துக்குப் பொறுப்பான ஆளிடமிருந்து அதை வசூலிக்கிற உரிமை கம்பெனிக்கு வந்துவிடும். நம் செருப்பில் கால் விட்டு நடக்கிற உரிமை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நன்றாக நின்ற மரம் காற்றில் விழுந்தால் அதற்கு மாமாவைக் குற்றம் சொல்ல முடியாது. அடி இற்றுப்போய்ச் சாய்ந்துகொண்டிருக்கிறது என்று பலமுறை சொல்லியும் வெட்டாமல் இருந்தால் கதை வேறு. "உங்களிடம் ஒன்றும் கேட்கமாட்டோம்" என்று எழுதிக் கொடுங்கள் என்றார் மாமா. கொடுக்கவில்லை. கம்பெனியின் உரிமையை நாமே விட்டுக்கொடுத்து எழுதினால், நம் க்ளெய்முக்கே அது வினையாகும். பதிலுக்கு இன்னொரு காபி கொடுத்தோம்.

2018 நவம்பர் 16-ம் தேதி வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்துவிட்டு, கொடைக்கானல் மலை வரை வந்து மரங்களைப் போட்டுவிட்டுப் போனது. ஆக, கடலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று தேனிக்காரர்கள் கேட்க முடியாது.

எங்கள் 72,000-க்கு வந்தது 61,500. சேதமாகாத சுவருக்குக் கொத்தனார் சேர்த்திருந்த பெயின்ட்டும் வேறு சில்லறைகளும் கழிந்தன. சித்தப்பாவுக்கு அந்த 10,500 இன்னும் உறுத்துகிறது. மாச வாடகை பாருங்கள், சரியாக அதே தொகை.

வெட்டியது அநியாயம் என்று தோன்றினால் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார். ஒரு மாசத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்குச் சென்னையில் ஆபீஸ். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ஒரு வருஷத்துக்குள் போகவேண்டும்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர், "எனக்கு ஏதுங்க சொந்த வீடு, நானே ஒரு ரூமில் மூன்று பேரோடு இருக்கிறேன்" என்று பக்கத்தைத் திருப்பப் பார்ப்பீர்கள். கொஞ்சம் இருங்கள். உங்களுக்குத்தான் இது முக்கியம். அடுத்த முறை வாடகை கொடுக்கும்போது வீட்டுக்காரரிடம், "சார், வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கா? வாடகைக்கு விட்டதுன்னு அதுல எழுதியிருக்கீங்களா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். தை மாசத்திலிருந்து ஐந்நூறு ஏற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த மனிதர், அவசரமாகப் பேச்சை மாற்றுவார். அந்த லாபத்துக்கு க்ளெய்ம் ஃபாரம்கூடத் தேவையில்லை.